நீர் பிரியும் மேடு

நுழையும்முன்

புதிய நகரொன்றைக் காணச் செல்வோர் அங்குள்ள பூங்காக்களிலும் மாளிகைகளிலும் உலவி, பெயர்பெற்ற உணவகங்களில் உண்டு மீள்வர். அந்நகருக்கு நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே செல்கிறது என்று கேட்போர் சிலரே. தென்பெண்ணைக் கரையில் வாழும் ஒருவர், மென்பொருள் நகரம் எனப் புகழ்பெற்ற பெங்களூருவை அக்கேள்வியோடு நான்கு நாள் சுற்றிவந்த பட்டறிவு இங்குக் கட்டுரையாகிறது.

பெங்களூருவில் பேராறு எதுவும் ஓடவில்லை. பழம்பெரும் நகரங்கள் பலவும் ஆற்றங்கரையிலோ கடற்கரையிலோ பிறந்திருக்க, இந்நகரோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டின்மேல் அமர்ந்திருக்கிறது. அம்மேட்டின் முதுகெலும்பைப் போல, வடக்கிலிருந்து தெற்காக ஒரு வரம்பு நகரின் ஊடே செல்கிறது. அவ்வரம்பிற்கு மேற்கே விழும் மழை விருஷபாவதி என்னும் சிற்றாற்றில் இறங்கி, அர்க்காவதியை அடைந்து, காவிரியில் கலக்கிறது. கிழக்கே விழும் மழையோ ஏரி ஏரியாக நிரம்பி வழிந்து தென்பெண்ணையைச் சேர்கிறது. ஓட்டு வீட்டுக் கூரையின் இரு சரிவுகளில் விழுந்த துளிகளைப் போல, ஒரே மேகத்தின் நீர் ஒருபுறம் பூம்புகாருக்கும் மறுபுறம் கடலூருக்கும் பயணப்படுகிறது. எந்தப் பக்கம் விழுந்தாலும் தமிழ்நாட்டைத் தொடாமல் அது கடலை அடைவதில்லை.

நான் ஓசூருக்குக் கீழே, தென்பெண்ணைக் கரையில் உள்ள சிற்றூரைச் சேர்ந்தவன். பள்ளியில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஆறு நந்தி மலைப் பகுதியில் பிறக்கிறது என்று முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். எழுதிய கை அந்த இடத்தைத் தொட்டதில்லை. பெங்களூருவில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணியாற்றும் என் அண்ணன் மகள் தன் வீட்டிற்கு வருமாறு பலமுறை அழைத்தும், தைக் கடைசியில்தான் புறப்பட இயன்றது. "எதையெல்லாம் பார்க்க விரும்புகிறீர்கள், சித்தப்பா?" என்று கேட்டாள். நீர் பிரியும் அந்த மேட்டையும், மழைநீர் கிழக்கே இறங்கும் வழியையும் பார்க்க வேண்டும் என்றேன். அவள் சிரித்துவிட்டாள். "ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் லால்பாக்கைக் கேட்பார்கள், மசால் தோசையைக் கேட்பார்கள். சாக்கடை போகும் வழியைக் கேட்கும் முதல் ஆள் நீங்கள்தான்!"

அவள் சொன்னதில் தவறில்லை. ஆயினும் லால்பாக்கையும் மசால் தோசையையும் நான் விட்டுவிடவில்லை.

பாறையின்மேல் ஒரு காலை

1760ஆம் ஆண்டில் ஐதர் அலி தொடங்கிய தோட்டம் லால்பாக். திப்பு சுல்தான் அதனை வளர்த்தார்; பின்வந்த ஆங்கிலேய, செருமானியத் தோட்டக்கலை வல்லுநர்கள் உலகின் பல மூலைகளிலிருந்தும் செடிகொடிகளைக் கொண்டுவந்து சேர்த்தனர். இன்று 240 ஏக்கர் பரப்பில் விரிந்திருக்கிறது. குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி மலர்க்காட்சி நடைபெறும் கண்ணாடி மாளிகைக்கு 1889இல் அடிக்கல் நாட்டப்பட்டது. இலண்டனில் இருந்த படிக மாளிகையைப் பார்த்து எழுப்பியது என்பர். இரும்புச் சட்டங்களின்மேல் பறவை இறக்கை விரித்தாற்போன்ற அழகிய கட்டடம் அது. ஆனாலும், அங்கு வரும் கூட்டத்தில் பாதிப்பேர் அதற்கு முதுகைக் காட்டி நின்று தம்மைத் தாமே படம் எடுத்துக்கொள்வதைக் கண்டேன்.

என்னை ஈர்த்தது பாறை. தோட்டத்தின் ஒரு பக்கத்தில் யானைக்கூட்டம் படுத்திருப்பதுபோல் ஒரு குன்று கிடக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். காலைப் பனி காயாத பாறையில் கால் சில்லிட்டது. வெளிர்சாம்பல் நிறத்தில் கருமைக் கோடுகள் அலையலையாக ஓடுகின்றன, மாவில் கேழ்வரகுக் கூழைக் கலக்கி நிறுத்திவிட்டாற்போல. தீபகற்ப நைஸ் என்பது அப்பாறை வகையின் பெயர். மைசூர் நிலவியல் துறையைச் சேர்ந்த ஸ்மீத் என்பவர் 1916இல் சூட்டிய பெயர் அது. அகவை 300 கோடி ஆண்டு. இந்திய நிலவியல் ஆய்வுத்துறை இதனைத் தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. மீன் தோன்றுமுன், மரம் தோன்றுமுன் உறைந்த கல்லின்மேல் நின்றுகொண்டு, முந்தாநாள் எழுந்த கண்ணாடிக் கோபுரங்களைப் பார்ப்பது ஒரு விந்தையான காட்சிதான். இப்பாறைதான் இந்நகருக்கும் எங்கள் ஊருக்கும் பொதுவான அடித்தளம். எங்கள் கிணறுகளில் வெடிவைத்து உடைத்ததும் இதையே. ஆழ இறங்கினாலும் நீர் எளிதில் ஊறாத கல். எனவேதான் இப்பீடபூமியில் வாழ்ந்தவர்கள் மழையை மேலேயே பிடித்து வைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

பாறையின் உச்சியில் சிறு கல்மண்டபம் போன்ற காவற்கோபுரம் ஒன்று நிற்கிறது. 1537இல் இந்நகரை அமைத்தவர் கெம்பே கௌடா. அவர் வழியினர் நாற்புறமும் நான்கு கோபுரங்களை நிறுவி, நகர் இதற்குள் வளரட்டும் என்று எல்லை வகுத்தனர் என்பது மரபுச்செய்தி. மண்டபத்தின் அருகே நின்று பார்த்தேன். எல்லைக்கு உள்ளே எது, வெளியே எது என்று சொல்ல முடியவில்லை.

லால்பாக்கில் இன்னும் இரண்டு செய்திகள் தமிழருக்கு உரியவை. ஒன்று, கல்லாகிப்போன மரத்துண்டு. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலிருந்து கொண்டுவரப்பட்டது. மற்றொன்று, மண்வெட்டி பிடித்தவர்களைப் பற்றியது. திகளர் என்னும் சமூகத்தாரைத் தோட்டப்பணிக்கென ஐதர் அலி அமர்த்தினார் என்பர். அவர்கள் தமிழ் வழங்கும் பகுதியிலிருந்து வந்தோர் என்பது அவர்களின் வழிவழிச் செய்தி. அரசர் பெயர் பலகையில் இருக்கிறது. செடிக்கு நீரூற்றியவர் பெயர் பலகையில் இல்லை. ஆனால், சித்திரை முழுநிலவன்று திரௌபதியின் பெயரால் அவர்கள் எடுக்கும் கரகத் திருவிழாவில், பழைய பேட்டை முழுதும் அவர்களுக்கு வழிவிட்டு நிற்கிறது. ஊர்வலம் ஓர் இசுலாமியப் பெரியவரின் தர்காவிலும் நின்று செல்வது வழக்கம்.

வெந்த பயறும் பாதிக் காப்பியும்

லால்பாக்கிலிருந்து சிறிது தொலைவில் பசவனகுடி. ஒரே கல்லில் வடித்த பெரிய நந்தி அங்குள்ளது. எண்ணெய் பூசிப் பூசிக் கருத்த அதன் திருமேனியை வலம் வந்தபோது, காவிரியைச் சேரும் விருஷபாவதி இந்நந்தியின் காலடியில் பிறக்கிறது என்று அங்குள்ளோர் நம்புவதை அண்ணன் மகளிடம் சொன்னேன். விருஷபம் என்றால் எருது. பெயரிலேயே ஊற்றின் முகவரி இருக்கிறது. ஊற்றைத் தேடினால் கிடைப்பது கான்கிரீட்டுக் கால்வாய். அதில் வருவது கழிவுநீர். பிறந்த இடத்திலேயே முகம் மறைந்துபோன ஆறு அது.

கார்த்திகை மாதத்துக் கடைசித் திங்கள்கிழமை இக்கோயில் தெருவில் நிலக்கடலைத் திருவிழா நடைபெறும். 'கடலேகாயி பரிஷே' என்பது கன்னடப் பெயர். வயலை மேய்ந்த எருதுக்கு உழவர்கள் முதல் விளைச்சலைப் படைத்துப் பணிந்தனர் என்பது கதை. நிலக்கடலை தென்னமெரிக்காவில் தோன்றிய பயிர் என்பதையும் கோயில் கெம்பே கௌடா காலத்தது என்பதையும் சேர்த்து எண்ணினால், கோயிலுக்குப் பின்னரே கதை முளைத்திருக்க வேண்டும். அதனால் என்ன? எங்கள் மாவட்டத்துக் கடலையும் அங்கே குவியலாகிறது. உழவருக்கு விலை கிடைக்கும் நாளைத் திருநாள் என்று சொல்வதில் பிழையொன்றுமில்லை.

நகரின் பெயருக்கும் உணவுக்கதை ஒன்று உண்டு. காட்டில் வழிதவறிப் பசித்த மன்னனுக்குக் கிழவி ஒருத்தி வெந்த பயறு தந்தாளாம். 'பெந்தகாளூரு' என்பது பெங்களூரு ஆயிற்றாம். 'பெந்த' என்பது நம் 'வெந்த'தான். ஆனால், அக்கதைக்குரிய மன்னன் காலத்திற்கும் முன்னரே, 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பேகூர்க் கல்வெட்டு இவ்வூர்ப் பெயரைக் குறிப்பிடுகிறது. வரலாறு கதையை மறுக்கிறது. ஆயினும் குளிர்காலத்தில் அவரைக்கொட்டைக்கென்றே தனி விழா எடுத்து, தோசையிலும் உப்புமாவிலும் இனிப்பிலும் அதனை இட்டு உண்ணும் மக்களுக்கு அக்கதை பொருந்தத்தான் செய்கிறது.

காந்தி பஜாரில், 1943இல் தொடங்கிய வித்யார்த்தி பவன் என்னும் உணவகத்துக்கு அழைத்துச் சென்றாள். பெயரைத் தமிழில் சொன்னால் மாணவர் இல்லம். அருகிலிருந்த பள்ளி, கல்லூரி மாணவருக்காகத் தொடங்கப்பட்டதாம். காத்திருப்போர் தெருவரை நின்றனர். உள்ளே சென்றதும், வேட்டி கட்டிய ஒருவர் இடக்கை முழுதும் தோசைத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வலக்கையால் பரிமாறிக்கொண்டே வந்தார். நம் ஊர்த் தோசையைப் போல் மெல்லியதன்று, தடித்தது, மேற்புறம் செந்நிறமாக முறுகியும் உட்புறம் மென்மையாகவும் இருந்தது. நெய்மணம் கை கழுவிய பின்னும் விடவில்லை. எனக்குப் பிடித்திருந்தது. எனினும் தோசைக்குச் சாம்பார் வேண்டும் என்னும் என் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை.

லால்பாக் சாலையில் உள்ள மாவள்ளி டிபன் ரூம் 1924இல் தொடங்கியது. இரண்டாம் உலகப்போரின்போது சப்பானியர் பர்மாவைக் கைப்பற்ற, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அரிசித் தட்டுப்பாட்டில் இட்டலிக்கு வழியின்றி ரவையைக் கொண்டு செய்து பார்த்தனர். ரவை இட்டலி அவ்வாறு பிறந்தது என்று அவ்வுணவகத்தார் சொல்கின்றனர். அதன் வெற்றியைக் காண வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் சிற்றுண்டிச்சாலைப் பலகைகளைப் பார்த்தால் போதும்.

1980களில் இங்குத் தோன்றிய 'தர்சினி' உணவகங்கள் வேறு வகை. நாற்காலி கிடையாது. சீட்டைக் கொடுத்து நாமே தட்டைப் பெற்று, உயர்ந்த மேசையருகே நின்றபடியே உண்ண வேண்டும். காரமான ரவை உப்புமாவையும் கேசரியையும் ஒரே தட்டில் வைத்துச் 'சௌ சௌ பாத்' என்கின்றனர். 'பை டூ' என்றால் ஒரு காப்பியை இரண்டு குவளைகளில் பாதிபாதியாகத் தருவர். கட்டடத் தொழிலாளர் இருவர் ஒரு பை டூ வாங்கி அருந்திக்கொண்டிருந்தனர். அவர்களுக்குப் பக்கத்தில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, மென்பொருள் பொறியாளர் இருவரும் ஒரு பை டூ வாங்கினர். பலவகை மக்கள் ஒரே மேசையில் கைவைத்து நிற்கும் இடம் இந்நகரில் இதைப்போல் வேறொன்றை நான் காணவில்லை. ஒரு நண்பகலில் களியும் கீரைக்குழம்பும் உண்டோம். முத்தே என்று பெயர் மாறினாலும் அது எங்கள் வீட்டுக் கேழ்வரகுக் களியேதான். நெல்லைவிடக் குறைந்த நீரில் விளையும் தானியம் இந்த மேட்டுநிலத்தின் உணவானதில் வியப்பில்லை.

மேடேறி வரும் காவிரி

இந்நகர் ஏன் கணினி நகரமாயிற்று என்பதற்குக் குளிர்ந்த காற்றைக் காரணமாகச் சொல்வோர் உண்டு. அது ஒரு பகுதியே. சிவசமுத்திரத்தில் காவிரி விழும் இடத்தில் எடுத்த மின்சாரம் 1902இல் கோலார் தங்கவயலுக்குச் சென்றது. 1905இல் பெங்களூருவின் தெருவிளக்குகளை ஏற்றியது. 1909இல் இந்திய அறிவியல் கழகம் தோன்றியது. 1940இல் வானூர்தித் தொழிற்சாலை, விடுதலைக்குப் பின் பொதுத்துறை ஆலைகள், 1978இல் ஓசூர் சாலையில் மின்னணு நகரம், 1985இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று செயற்கைக்கோள் இணைப்போடு தொடங்கிய மென்பொருள் மையம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டதே இன்றைய நகரம். அந்த அடுக்கின் கீழே காவிரி இருக்கிறது.

மின்சாரம் மட்டுமன்று, குடிநீரும் காவிரியே. முதலில் ஏரிகள் போதுமானவையாக இருந்தன. பின்னர் அர்க்காவதியில் எசரகட்டாவிலிருந்தும், 1933 முதல் திப்பகொண்டனஹள்ளியிலிருந்தும் நீர் வந்தது. அவையும் போதாமல், 1974இல் காவிரி நீர் வரத் தொடங்கியது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திற்கு, மின்னாற்றலால் தள்ளி ஏற்றப்படுகிறது. ஆறு மலையிலிருந்து இறங்கும் என்று பாடம் நடத்தியவன் நான். ஆற்றை மலைக்கு ஏற்றும் நகரம் இது. 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றியபோது, குடிநீரைக் கொண்டு மகிழுந்து கழுவினால் 5000 ரூபாய் தண்டம் என்று அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. அண்ணன் மகள் குடியிருக்கும் அடுக்ககத்தில் அந்நாள்களில் சரக்குந்து நீருக்காக நள்ளிரவு வரை விழித்திருந்தனராம். "அலுவலகத்தில் முகம் கழுவிக்கொண்டு வருவோம், சித்தப்பா" என்றாள்.

அவள் வீட்டுச் சமையலறைக் குழாயைத் திறந்து கைகழுவும்போதுதான் ஒரு செய்தி எனக்குப் பொறிதட்டியது. இந்நீர் காவிரி. மேற்கிலிருந்து மேடேறி வந்தது. அவள் வீடு இருப்பதோ வரம்பின் கிழக்குச் சரிவில். நான் கழுவிய நீர் காவிரிக்குத் திரும்பப் போவதில்லை. கிழக்கே இறங்கித் தென்பெண்ணைக்குப் போகும். இரு நதிகளை இணைக்கலாமா என்று நாட்டில் எவ்வளவோ வாதங்கள் நடக்கின்றன. இலட்சக்கணக்கானோர் வீட்டுத் தொட்டிகளின் வழியாகவும் குளியலறைகளின் வழியாகவும் காவிரியும் தென்பெண்ணையும் எப்போதோ இணைந்துவிட்டன. மழை பொய்த்த கோடையிலும் எங்கள் ஊருக்கு மேலே ஆற்றில் நீர் ஓடுவதற்கு ஒரு காரணம் அதுவே. எந்த நிலையில் ஓடுகிறது என்பதுதான் வினா.

ஏரிகளின் வழியே

பேருந்துகள் வந்துபோகும் கெம்பே கௌடா பேருந்து நிலையம் ஒரு காலத்தில் தருமாம்புதி என்னும் ஏரி. கண்டீரவா விளையாட்டரங்கம் சம்பங்கி ஏரி. அரங்கத்தின் அருகே சிறு குளமாக ஒரு துண்டு மட்டும் எஞ்சியிருக்கிறது. கரகத் திருவிழாவின் சடங்குக்கு நீர் வேண்டும் என்பதால் எஞ்சியது. பேரேரியைக் காப்பாற்ற முடியாத காலத்தில், ஒரு குளத்தையேனும் தோட்டக்காரர்களின் வழிபாடு காப்பாற்றியிருக்கிறது.

அலசூர் ஏரி பிழைத்துக்கொண்டது. நடுவே தீவுகள், கரையில் படகுகள், மாலையில் நடைபயில்வோர். கன்னடத்தில் 'ஹலசு' என்றால் பலா. பலாத்தோப்பு இருந்த ஊர் என்பர். பால் 'ஹாலு' ஆனதும் பத்து 'ஹத்து' ஆனதும் புலி 'ஹுலி' ஆனதும் போல, நம் பகரம் அங்கே ஹகரமாயிற்று. தமிழர் மிகுதியாக வாழும் பகுதி இது. ஏரிக்கரையில் திருவள்ளுவர் அமர்ந்திருக்கிறார். 1991இல் நிறுவிய சிலை 18 ஆண்டுகள் திரைக்குள் இருந்து, 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் திறக்கப்பட்டது. நான்கு நாள்களுக்குப் பின் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. ஈரடியில் பாடியவர் இங்கே, மூவடியில் பாடியவர் அங்கே. நீரின் சிறப்புக்கு ஓர் அதிகாரமே வகுத்த புலவர், வழிந்தால் நீர் தென்பெண்ணைக்குச் செல்லும் ஓர் ஏரியின் கரையில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு சற்றுநேரம் அமர்ந்திருந்தேன்.

அலசூரின் வழிநீர் செல்லும் திசையில் பெல்லந்தூர் ஏரி. ஏறத்தாழ 900 ஏக்கர் பரப்புடையது. நகரின் மிகப்பெரிய ஏரி. ஒரு காலத்தில் வயலுக்குப் பாய்ந்தது, மீன் தந்தது. அதன் கரையோரம்தான் அண்ணன் மகளின் அடுக்ககம். வீட்டை விற்றவர்கள் 'ஏரியைப் பார்த்த வீடு' என்று விளம்பரம் செய்திருந்தனர். ஏரியைப் பார்த்த அச்சாளரத்தை அவள் திறப்பதில்லை.

2015ஆம் ஆண்டு மே மாதம் இவ்வேரியின் நுரை தீப்பற்றியது. 2018 சனவரியில் ஏரிப்பரப்பை மூடிக்கிடந்த புல்லும் புதரும் எரிந்தன; தீயணைக்கப் படைவீரர்களும் வந்தனர். நீர் எரியுமா என்று என் மாணவர்கள் கேட்டிருந்தால், எரியாது என்றே சொல்லியிருப்பேன். நீர் எரியவில்லை, அதன்மேல் நாம் சேர்த்து வைத்தவை எரிந்தன. நுரைக்குக் காரணம் எளிது. துணி வெளுக்கவும் ஏனம் துலக்கவும் நாம் இடும் தூள்களில் நுரையெழுப்பும் பொருள்கள் உள்ளன. தூய்மை செய்யப்படாத கழிவுநீரோடு அவை ஏரியில் தேங்குகின்றன. மதகில் நீர் வேகமாக விழும்போது காற்று கலந்து வெண்பனிபோல் பொங்குகிறது. மழைக்காலத்தில் அந்நுரை சாலையில் பறந்து வண்டி ஓட்டுவோரின் முகத்தில் அப்பும். அதே நுரையை ஓசூர் கெலவரப்பள்ளி அணையின் மதகுகளில் நாங்கள் பார்க்கிறோம். எங்கள் ஊரில் கால்வாய் நீரை மாட்டுக்குக் காட்டுமுன் முகர்ந்து பார்க்கும் பழக்கம் வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. "எங்கள் சலவை எந்திரம்தான் உங்கள் மதகில் பொங்குகிறதா?" என்று அவள் கேட்டாள். அவளுடையது மட்டுமன்று என்றேன். அவள் அதற்குச் சிரிக்கவில்லை.

பெல்லந்தூரில் தூர்வாரும் பணி மேற்கொள்ளப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பின் வந்த முயற்சி அது. நகரின் வடக்கே ஜக்கூர் ஏரியில் நான் கண்டது நம்பிக்கை தந்தது. கழிவுநீர் முதலில் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்கிறது. அங்கிருந்து நாணலும் கோரையும் அடர்ந்த சதுப்பில் மெல்ல ஊர்ந்து, எஞ்சிய சத்துகளை வேர்களுக்கு ஈந்துவிட்டு ஏரியில் இறங்குகிறது. மீனவர்கள் வலை வீசிக்கொண்டிருந்தனர். கூழைக்கடா ஒன்று நீரில் மிதந்தது. அக்கம்பக்கத்துக் குடியிருப்போர் முறைவைத்து ஏரியைப் பார்த்துக்கொள்கின்றனர். தொலைநோக்கியோடு வந்திருந்த இளைஞர் ஒருவர், தாம் வார நாள்களில் கணினியின் முன்னும் ஞாயிறுகளில் நாரையின் முன்னும் அமர்வதாகச் சொன்னார். இதே நகரின் கழிவுநீரைத் தூய்மைசெய்து 2018 முதல் வறண்ட கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு அனுப்புகின்றனர். தூய்மையின் அளவு போதுமா என்ற வாதம் அங்கே ஓயவில்லை. ஓயாமல் இருப்பதே நல்லது என்று எனக்குப் படுகிறது. கேள்வி கேட்பவர் கீழ்மடையில் இருந்தால்தான் மேல்மடையில் உள்ளவர் விழித்திருப்பர்.

மூன்று ஆறுகளின் மலை

கடைசி நாள் இருள் பிரியுமுன் நந்தி மலைக்குப் புறப்பட்டோம். நகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். 1478 மீட்டர் உயரம். வழியெங்கும் மிதிவண்டியில் மேடேறும் இளைஞர் கூட்டம். வாரத்தின் ஐந்து நாள் நாற்காலியில் இருந்தவர்களுக்கு ஆறாம் நாள் கால்கள் நினைவுக்கு வருகின்றன போலும். சாவனதுர்க்கத்திலும் இராமநகரத்திலும் பாறையேறக் கயிற்றோடு செல்வோரும் உண்டு. என் முழங்கால் அதற்கு இசையவில்லை. கதிரவன் எழுவதைக் காண மலைமேல் திரண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தபோது, எங்கள் ஊர்ச் சந்தையே மேலேறி வந்துவிட்டதோ என்று தோன்றியது. மூடுபனியில் கதிரவன் தெரியவில்லை. யாரும் அதைப் பொருட்படுத்தியதாகவும் தெரியவில்லை. 1927இலும் 1936இலும் காந்தியடிகள் உடல்நலம் தேறுவதற்காகத் தங்கிய மலை இது என்பதை ஒரு பலகை சொல்லிற்று.

இம்மலைப்பகுதியில் அர்க்காவதியும் பாலாறும் தென்பெண்ணையும் பிறக்கின்றன. வேலூரும் காஞ்சிபுரமும் பார்க்கும் பாலாறு. கிருஷ்ணகிரியும் திருக்கோவலூரும் பார்க்கும் தென்பெண்ணை. காவிரிக்குத் துணைபோகும் அர்க்காவதி. வரைபடத்தில் நான் மாணவர்களைத் தொட்டுக்காட்டச் சொன்ன மூன்று நீலக்கோடுகளும் கூடும் இடம், பனியில் நனைந்த புல்லாக என் காலடியில் இருந்தது.

மலையடிவாரத்தில் போக நந்தீசுவரர் கோயில் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் பழமையான கற்கோயில். அதன் உள்ளே, நாற்புறமும் மண்டபங்கள் சூழ, படிப்படியாக இறங்கும் ஒரு குளம். சிருங்கி தீர்த்தம் என்பது பெயர். நந்தி தன் கொம்பால் நிலத்தைக் குத்தக் கங்கை ஊறினாள் என்றும், தென்பெண்ணையின் தோற்றுவாய் இதுவே என்றும் தலபுராணம் கூறுகிறது. புவியியல் ஆசிரியனாக நான் சற்று அப்பாலுள்ள சென்னகேசவ மலையைக் காட்டவேண்டும். ஆனால், அந்தப் படியில் அமர்ந்திருந்தபோது திருத்தம் சொல்லத் தோன்றவில்லை. நீர் பச்சையாக, அசைவற்றுக் கிடந்தது. நுரையில்லை.

அண்ணன் மகள் கடைசிப் படியில் இறங்கிக் கையை நனைத்தாள். "இந்த நீர் நம் ஊருக்கு வர எத்தனை நாள் ஆகும், சித்தப்பா?"

நாள் கணக்கில் சொல்ல முடியாது என்றேன். மழை பெய்ய வேண்டும். சிக்கபள்ளாப்பூர்ப் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிய வேண்டும். பின்னர் ஒசகோட்டை ஏரி நிரம்ப வேண்டும். அதற்குக் கீழே வர்த்தூரிலிருந்து இறங்கும் நகரத்துநீர் சேரும். அதன்பிறகே ஓசூர் எல்லை, கெலவரப்பள்ளி, எங்கள் கால்வாய்.

அவள் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகக் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள். ஒசகோட்டை ஏரி தன் வீட்டிலிருந்து மிதிவண்டியில் போகும் தொலைவுதான் என்று கண்டுபிடித்து, வரும் சனிக்கிழமை அலுவலகத் தோழியர் இருவரோடு அங்குச் செல்வதாகச் சொன்னாள். மதகு எந்தப் பக்கம் இருக்கும் என்று கேட்டாள். கரை உயர்ந்திருக்கும் பக்கம் தேடு என்றேன்.